குழு நர்த்தனமும் தலைமையும்

தஞ்சை நால்வர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலாரிப்பு முதல் தில்லானா வரை வகுத்தளித்த கச்சேரிக் கிரமம், பெரும்பாலும் ஒரு நர்த்தகி தனித்து நின்று சபையை வசப்படுத்துவதையே கருதி அமைந்தது. அந்தக் கிரமத்திலேயே பயின்று அரங்கேறிய எண்மரை ஒருங்கே கூட்டிப் புதிய குழுவொன்றைத் தொடங்கும் ஆசிரியர், தேர்ந்தவர்கள் கூடிவிட்டமையால் குழுவும் அமைந்துவிட்டதென நம்பி, முதல் வாரத்திலேயே நாட்டிய நாடகத்துக்குப் பாத்திரம் பங்கிடுவதை அண்மையில் அடிக்கடி காண்கிறோம். அது பெரும் அவசரம்.

பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வழியில் பயின்றவர் நாட்டடவில் காலை நீட்டும் உறுதியும், வழுவூர் இராமையா பிள்ளையின் வழியில் பயின்றவர் அதே அடவுக்கு ஏற்றும் நளினமும் தம்மளவில் பூரணமானவை. ஆயினும் இருவரும் ஒரே வரிசையில் நின்றால் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் குறையாகவே தோன்றும். இங்கே தலைவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேரும்போது மற்றதைப் பிழையென்று உரைப்பாராயின், அம்மாணவியை மட்டுமன்றி அவளுடைய குருவையும் அவமதித்தவராவார். 'இக்குழுவில் இவ்வாறு ஆடுவோம்' என்பதே போதும்.

அதனினும் நுட்பமானது காலப்பிரமாணம். தனியாட்டத்தில் நட்டுவனாரின் கண் நர்த்தகியைத் தொடர்வதால், தீர்மானத்தின் முடிவில் அவள் அணுவளவு தாமதித்தாலும் தாளம் அதை அணைத்துக்கொள்ளும். எண்மர் ஆடுமிடத்தில் அத்தாமதமே சிதைவாகிறது. ஆதலால் பாட்டுமின்றிக் கண்ணாடியுமின்றி, தட்டுக்கழியின் ஒலி ஒன்றையே துணையாகக் கொண்டு, தட்டடவு தொடங்கி மூன்று காலமும் நாள்தோறும் சேர்ந்து பயில்வதும், உயர வேறுபாட்டைக் கருதி அரைமண்டியின் ஆழத்தை ஒருவருக்கொருவர் இசைவித்துக் கொள்வதும் இன்றியமையாதன. முன்வரிசை யாருக்கு என்னும் மனஸ்தாபம், இடங்களை முறைவைத்து மாற்றினாலே பெரும்பாலும் தணியும்.

1936இல் தோன்றிய கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவி குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியது 1944இல். அந்த எட்டாண்டுப் பயிற்சியின் பலமே பின்வந்த இராமாயண நாடகங்களையும் தாங்கிற்று என்பது என் துணிபு. அத்தனை அவகாசம் இன்று எவருக்கும் வாய்ப்பதரிது. எனினும் புதிதாய்க் குழு கூட்டும் அன்பர்கள் முதல் ஆறு திங்களேனும் எந்தச் சபாவின் அழைப்பையும் ஏற்காது, பயிற்சிக் கூடத்திலேயே இருக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.