ஓடுதுல்ல, எதுக்கு நோண்டணும்?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இந்தக் கேள்வியை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! சங்கம், அறக்கட்டளை, பள்ளிக்கூடம் என்று எங்கும் இதே பாட்டுதான். வெப்சைட் தொடங்கிய அன்று குத்துவிளக்கு, சால்வை, போட்டோ. அதோடு சரி. அதை இயக்குகிற மென்பொருளுக்கு அப்டேட் போட வேண்டும் என்றால், சொல்கிறவனை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் தள்ளியவன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம் எங்கே பார்த்தாலும் கீமேன் தன் பீட்டைத் தினமும் நடந்தே பார்ப்பார். தளர்ந்த கிளிப்பைச் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பார். நேற்று வைகை எக்ஸ்பிரஸ் ஒழுங்காகத்தானே போனது, இன்றைக்கு எதற்கு நடை என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

மென்பொருள் என்ன இரும்பா, துருப்பிடிக்க? பிடிக்காதுதான். ஆனால் அதில் ஓட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத்தான் வெளியே தெரியும். ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை நிறுவனம் வெளியிடும் நாளில், ஓட்டை எங்கே என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அடைக்காமல் இருப்பவன் சாவியைக் கதவிலேயே விட்டுத் தூங்குகிறவன்.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் கொடுத்தது. போடாமல் இருந்தவர்களைத் தேடி மே 12 அன்று வானாக்ரை வைரஸ் வந்தது. நடுவில் இரண்டு மாதம்! கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பக்கத்து ஆந்திராவில் காவல் துறைக் கணினிகளே மாட்டின. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளை நடத்தும் 236 அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன; ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. சாதாரணப் பராமரிப்பு இருந்தாலே தடுத்திருக்கலாம் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே எழுதியது.

நம்மூரை யார் சீண்டப்போகிறார்கள் என்கிறார்கள். சீண்டுவது மனிதன் இல்லை ஐயா, தானாக ஓடுகிற புரோகிராம். அதற்கு லண்டனும் ஒன்றுதான், ஒலக்கூரும் ஒன்றுதான். நான் உறுப்பினராக இருக்கும் ஓர் அமைப்பின் தளத்தைப் போன வருஷம் திறந்தால் ரம்மி விளம்பரம் வந்தது. கட்டிக்கொடுத்த பையன் பெங்களூரு போய்விட்டான். பாஸ்வேர்டும் அவனோடு போய்விட்டது. எங்கள் பிறந்த தேதி, செல்போன் எண் எல்லாம் அதில்தான் கிடந்தன. அவை யார் கைக்குப் போயின என்று சொல்ல ஆளில்லை. ஓய்வூதியக்காரனின் செல்போன் எண் இன்றைக்கு என்ன விலை போகும் என்பது, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று போன் வாங்கிய எல்லாருக்கும் தெரியும்.

அப்டேட் போட்டால் தளமே படுத்துவிடும் என்கிறார் பொருளாளர். அவர் பயம் பொய்யில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்காக? ரயில்வேயில் லைன் பிளாக் வாங்கி வேலை செய்வோம், முடிந்ததும் முதல் வண்டியை மெதுவாக விட்டுப் பார்ப்போம். இங்கேயும் பேக்கப் எடுத்து, நகலில் போட்டுப் பார்த்து, கூட்டமில்லாத இரவில் மாற்றினால் ஆயிற்று. கஷ்டமாக இருக்கிறதென்று தண்டவாளத்தை அப்படியே விட்டா வைத்தோம்?

காசில்லை என்பது அடுத்த சாக்கு. ஆண்டு விழா ஷாமியானாவுக்கு இருக்கிற காசு இதற்கு மட்டும் எங்கே போகிறது? விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. எங்கள் அலுவலகக் கணினியில் இன்னும் அதுதான்.

வருகிற பொதுக்குழுவில் மூன்று கேள்வி வைக்கப்போகிறேன். பாஸ்வேர்டு யார் கையில்? கடைசி அப்டேட் என்றைக்கு? பேக்கப்பை ஒரு தடவையாவது திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா? பதில் இல்லையென்றால் உறுப்பினர் பட்டியலை அன்றைக்கே தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பழையபடி நோட்டுப் புத்தகத்தில் எழுதி பீரோவில் வைத்துக்கொள்ளலாம்.