15 நிமிடம் போதும்!



"வீட்டுப்பாடம் எழுதிட்டியா?" என்று அம்மா கேட்டால், "அப்புறம் எழுதுறேம்மா" என்று சொல்பவரா நீங்கள்? அந்த 'அப்புறம்' இரவு ஒன்பது மணிவரை நீளும். தூக்கம் கண்ணைச் சுழற்றும். எழுத்து கோணலாகும், கணக்கு தப்பாகும். மறுநாள் வகுப்பில் தலைகுனிய வேண்டிவரும்.

இப்படித் தள்ளிப்போடும் பிள்ளைகளைப் பெரியவர்கள் 'சோம்பேறி' என்று திட்டுகிறார்கள். அது சரியல்ல என்பது என் கருத்து. பல நேரம் அது சோம்பல் அல்ல, மலைப்பு! பத்துப் பக்கமும் ஒன்றாகக் கண்முன் நின்றால் யாருக்குத்தான் கை எழும்?

மலைப்பைப் போக்கும் வழி நம் ஊர் வயலிலேயே இருக்கிறது. பாகூர், வில்லியனூர் பக்கம் கைநடவு நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். நடவு நடும் பெண்கள் முழு வயலையும் பார்த்து மலைத்து நிற்பதில்லை. கையில் ஒரு நாற்று முடி. அதைப் பிரித்து நட்டதும் அடுத்த முடி. இப்படியே வயல் முழுவதும் பச்சையாகிவிடுகிறது!

படிப்பிலும் இதையே செய்து பார்த்தார் ஒருவர். இத்தாலி நாட்டின் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, 1980-களின் இறுதியில் கல்லூரி மாணவர். புத்தகத்தைத் திறந்தாலும் அவருக்கு மனம் ஒன்றவில்லை. "10 நிமிடமாவது உண்மையாகப் படிக்க முடியுமா?" என்று தன்னோடு தானே பந்தயம் கட்டினார். நேரம் பார்க்க, சமையலறையில் பயன்படும் தக்காளி வடிவ மணிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டார். முதலில் அதுவே கடினமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு முறை முடிந்தால் சற்று நீண்ட ஓய்வு என்று பின்னர் வகுத்துக்கொண்டார். தக்காளிக்கு இத்தாலிய மொழியில் 'பொமொடோரோ' என்று பெயர். இந்த முறைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

நீங்களும் செய்து பாருங்கள். சிறியவர்களுக்கு 15 நிமிடம் போதும். பெரிய வகுப்பினர் 25 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் ஒரே வேலைதான். தண்ணீர் குடிப்பது, பென்சில் சீவுவது எல்லாம் முன்பே முடித்துவிட வேண்டும். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் இருக்கிறது. செல்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். ஓய்வு நேரத்திலும் அதைத் தொடாதீர்கள். தொட்டால் 5 நிமிடம் 50 நிமிடமாகிவிடும்! எழுந்து வாசலில் நடந்துவிட்டு வாருங்கள்.

"15 நிமிடத்தில் என்ன கிழித்துவிட முடியும்?" என்று அண்ணன் கேலி செய்யலாம். இரண்டு கணக்கு போடலாம். ஒரு செய்யுளில் நான்கு வரி மனப்பாடம் செய்யலாம். அதைவிட முக்கியம், தொடங்கியாயிற்று என்ற தைரியம் வந்துவிடும். அதன்பின் மீதி வேலை பயமுறுத்தாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "மூன்று மணி நேரம் உட்கார்ந்து படி" என்று அதட்டாதீர்கள். "கால் மணி நேரம் படி, பிறகு விளையாடிவிட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள்.

குழந்தைகளே, நாளைக்கென்று தள்ளிவைத்த பாடம் ஏதாவது இருக்கிறதா? இப்போதே கடிகாரத்தைப் பாருங்கள். முதல் நாற்று முடியைக் கையில் எடுங்கள்!