மூணு மீட்டர்

“மூணு மீட்டர்தானே சார், அதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கிறீங்களே” என்றார் கருவி விற்கிறவர். நல்ல மனுஷன், டீ கூட வாங்கிக் கொடுத்தார். அவர் மேசையில் பரப்பிய கைக்கடக்க ஜி.பி.எஸ். கருவிகளில் எதை எடுத்தாலும், நாம் நிற்கிற இடத்தைத் திறந்த வெளியிலேயே மூன்று மீட்டர், ஐந்து மீட்டர் முன்னே பின்னேதான் சொல்லும். அது கருவியின் குற்றமில்லை, அதன் சுபாவம். ஆனால் நான் வங்கியில் குமாஸ்தா. கேஷ் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி வரை உட்கார்ந்து தேடுகிற ஜாதி. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு செலானைத் திருப்பிப் போட்டு கணக்குப் பார்த்தேன்.

எங்கள் சேரியில் நிலம் இருக்கிறவன் என்றால் அரை ஏக்கர்க்காரன். அரை ஏக்கர் என்பது ஐம்பது சென்ட். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 45 மீட்டர். அதில் ஒரு பக்கத்து வரப்பு மட்டும் மூணு மீட்டர் உள்ளே தள்ளி விழுந்தால் போவது 135 சதுர மீட்டர். சென்ட் ஒன்றுக்கு நாற்பது சதுர மீட்டர் சொச்சம். ஆக, மூணு சென்டுக்கு மேல். காலனியில் ஒரு குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற வீட்டுமனையே மூணு சென்ட்தான். நூறு ஏக்கர் வைத்திருப்பவனுக்கு இதே மூணு மீட்டர் வரப்பில் முளைத்த அருகம்புல். கருவி எல்லாருக்கும் ஒரே அளவுதான் தவறுகிறது. ஆனால் அந்தத் தவறை யார் தலையில் இறக்குகிறோம்?

எதற்கு இந்தக் கருவி என்று சொல்லவில்லையே. நாங்கள் ஏழு பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு வருகிறோம். எங்கள் ஊர் வேடந்தாங்கலிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். 1798-இல் கலெக்டர் லியோனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக் கூடாதென்று கௌல் வாங்கிய கதையை எல்லாரும் எழுதியாயிற்று. பட்டாசு வெடிக்காத ஊர் என்றும் எழுதியாயிற்று. எழுதாத ஒன்று இருக்கிறது. பறவை ஏரியில் கூடு கட்டுகிறது, குஞ்சு பொரிக்கிறது, சரி. தின்பது எங்கே? சுற்றியிருக்கிற ஏரி, தாங்கல், குட்டை, நெல் வயல் எல்லாம்தான் அதன் சோற்றுத் தட்டு. நத்தைகுத்தி நாரை எந்தக் கழனியில் இறங்கும், எந்தப் பருவத்தில் இறங்கும் என்பது நடவுக்குக் குனிகிற பொம்பளைகளுக்குத்தான் தெரியும். எங்க பெரிம்மா விரல் விட்டு எண்ணுவாள். “ஒரம் கொட்ன கயனில எறங்காதுடா, அதுக்கு இன்னா பைத்தியமா?” என்பாள். எந்த வரைபடத்திலாவது அவள் சொன்ன இடம் இருக்கிறதா?

1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அரசு அறிவித்தது. 2020-இல் அந்த எல்லையைச் சுருக்கும் யோசனை கிளம்பி பெரிய எதிர்ப்பு வந்தது. அந்தச் சமயம் எங்கள் தெருவில் ஒருத்தரைக் கேட்டேன், “மாமா, உன் கழனி வட்டத்துக்குள்ளயா வெளியயா?” அவர் என்னையே திருப்பிக் கேட்டார், “நீதான படிச்சவன், சொல்லேன்.” என்னால் சொல்ல முடியவில்லை. வட்டம் போட்டவர்கள் யாரும் வந்து காட்டவும் இல்லை. காகிதத்தில் கோடு போட ஒரு நிமிஷம். கழனியில் அந்தக் கோடு எந்த வரப்பு மேல் விழுகிறது என்று பார்க்க ஒரு ஆள் நடக்க வேண்டும். நடக்கிற ஆள் நாமாக இருந்தால் என்ன?

இன்னொரு வேலையும் உண்டு. திரமென்ஹீர் என்கிற வெள்ளைக்காரக் கலெக்டரின் அறிக்கையை ஒட்டி 1892-இல் நம்மவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம். முதல் பத்து வருஷம் விற்கவே கூடாது, அதற்குப் பிறகும் நம் ஆளுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலம். அது இன்று யார் யார் கையில் கிடக்கிறது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1994 அக்டோபர் 10-இல் காரணை நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். எனக்கு அப்போது தவழுகிற வயசு. ஏ ரிஜிஸ்டரில் இருக்கிற சர்வே நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு, அது மண்ணில் எங்கே இருக்கிறது என்று போய் நிற்க வேண்டும். நின்று, குறிக்க வேண்டும்.

சரி, எந்தக் கருவி? படித்த நண்பர்கள் சொன்னது விலை கூடினதை வாங்கு என்று. கார்மின் ஜிபிஎஸ்மேப் 65 மாதிரியானவை ஒரே செயற்கைக்கோளிலிருந்து இரண்டு அலைவரிசையில் சமிக்ஞை வாங்கும். மரத்தடியில், மதில் ஓரத்தில், மலைச்சரிவில் எதிரொலித்து வரும் பொய்ச் சமிக்ஞையை ஓரளவு சலித்துவிடும். காட்டுக்குள் வேலை செய்கிற தோழர்கள் அதைத்தான் வாங்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் இடம் வானம் திறந்த நெல் வயல். இங்கே அந்தச் சலுகையால் கிடைப்பது கொஞ்சம். அதன் விலையில் இட்ரெக்ஸ் வரிசையில் சாதாரணமானது இரண்டு வாங்கலாம். என் கட்சி இரண்டு வாங்கு என்பதுதான். ஒன்று ஆண்கள் கையில் போனால் இன்னொன்று நடவுக்காரப் பொம்பளைகள் கையில் இருக்கட்டும். ஒரே மூலையை இரண்டும் தனித்தனியாகக் குறித்தால் எது உளறுகிறது என்றும் தெரிந்துவிடும்.

பொத்தான் வைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். சேற்றுக் கையால் தொடுதிரையைத் தடவிப் பாருங்கள், தெரியும். டார்ச் லைட்டுக்குப் போடுகிற சின்ன பேட்டரி போடுவதாக இருக்க வேண்டும், அது பெட்டிக்கடையில் கிடைக்கும். செல்போனே போதுமே என்கிறார்கள். படம் எடுக்கப் போதும். நாள் முழுக்க வெயிலில் நடந்தால் மத்தியானமே செத்துப்போகும். குறித்ததெல்லாம் எவனுடைய கணினிக்குப் போகிறது என்றும் தெரியாது. கூடு இருக்கிற மரமும் பஞ்சமி நிலத்து மூலையும் ஊருக்கெல்லாம் பரப்புகிற சங்கதி இல்லை. ஒன்றுக்கு வேட்டைக்காரன் வருவான், இன்னொன்றுக்கு ரியல் எஸ்டேட்காரன் வருவான்.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்புகிற வசதியுள்ள கருவியை மட்டும் தொடாதீர்கள். அதற்கு இங்கே லைசென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் கேஸ். நம் மேல் கேஸ் போட அவர்களுக்குக் காரணம் தேவைப்படாது, நாமாக ஒன்று எடுத்துக் கொடுப்பானேன்? வெறும் இடம் காட்டுகிற கருவிக்கு அந்தச் சிக்கல் இல்லை. வரைபடம் தயாரிக்க முன்அனுமதி கேட்கும் கெடுபிடியையும் 2021-இல் பெருமளவு தளர்த்திவிட்டார்கள்.

வாங்கியதும் அமைப்பில் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் அளவை என்கிற வேறொரு கணக்கில் போட்டவை. இரண்டையும் கலந்தால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் விலகும், கழனி அடுத்த ஊருக்கே போய்விடும். 1802-இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து ஆரம்பித்த வேலையின் மிச்சம் அது. லாம்டன் பெயர் இருக்கிறது, எவரெஸ்ட் பெயர் மலைக்கே வைத்தாயிற்று. வெயிலில் சங்கிலி இழுத்தவன் பேர் என்ன? இதைவிட வேடிக்கை ஒன்று. 2000 மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுஜனத்துக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரை தப்பும். அதிகாரம் உள்ளவன் பிழையைக்கூட அளந்துதான் ஊற்றுகிறான்.

வரப்பைச் சுற்றி நடந்து பரப்பளவு எடுக்கிற வேலையை நான் நம்பவில்லை. கோடு குடிகாரன் நடை மாதிரி வரும். ஒவ்வொரு மூலையிலும் சில நிமிஷம் நின்று சராசரி எடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்து, செயற்கைக்கோள்கள் இடம் மாறியபின், மறுபடி அதே மூலையில் எடுக்க வேண்டும். பக்கங்களின் நீளத்துக்கு டேப்பு அல்லது சங்கிலிதான். நாரை இறங்கும் குட்டைக்கு மூணு மீட்டர் பிழை ஒரு பொருட்டில்லை, பட்டா நிலத்து வரப்புக்குக் கருவியின் பேச்சு மட்டும் செல்லாது. தாலுகாவில் எஃப்.எம்.பி. ஸ்கெட்சைத்தான் கேட்பார்கள், சர்வேயர் அளந்தால்தான் அளவு. அப்புறம் எதற்கு என்றால், சர்வேயர் வருகிற அன்றைக்கு நாமும் ஒரு தாளோடு நிற்பதற்கு. என் அப்பாவிடம் அந்தத் தாள் இல்லை. மறு அளவையில் கல் நாலு அடி நகர்ந்தபோது “கல்லு இங்க இல்ல சாமி” என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. சாமி காதில் விழவில்லை.

இதுவரை சேர்ந்த பணம் ஒன்றரைக் கருவிக்கு வருகிறது. தை அறுவடை முடிந்ததும் மீதியைப் போட்டு வாங்கிவிடலாம் என்று பேச்சு. பெரிம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மொதல்ல உங்கப்பன் கல்லு இருந்த எடத்துக்கு வா, அந்தப் பன மரத்துலருந்து எத்தினி அடின்னு எனக்குத் தெரியும்” என்றாள்.