லயத்துக்குப் பின்னால் ஒரு வரிசை வெட்டிவேர்

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதி லயங்களில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஜூன் மாதம் பிறந்தாலே தூக்கம் போய்விடும். வீட்டுப் பின்சுவருக்கும் வெட்டிவிட்ட மண்மேட்டுக்கும் நடுவே ஓடும் சிறு கால்வாய்தான் அவர்களுக்குக் காவல். இரண்டு பெருமழை பெய்தால் அதில் மண் நிரம்பிவிடும். பிறகு தண்ணீர் அடுப்படிக்குள் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2020 ஆகஸ்டு 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் 70 உயிர்களைக் கொண்டுபோனது போன்ற பெருஞ்சரிவை எந்தப் புல்லும் தடுக்காது. அப்படிப்பட்ட இடங்களில் குடியிருப்பை மாற்றித் தருவது ஒன்றே வழி. புல் நட்டுவிட்டோம் என்று சொல்லி நிர்வாகமோ சர்க்காரோ அந்தப் பொறுப்பிலிருந்து நழுவ விடக்கூடாது. இங்கே பேச்சு, ஆண்டுதோறும் அரிக்கும் மேட்டைப் பற்றியும் அடைபடும் கால்வாயைப் பற்றியும்தான்.

இதற்கு வழக்கமான வைத்தியம் சிமெண்டுச் சுவர். பின்னால் தேங்கும் நீர் வெளியேறத் துளை வைக்காவிட்டால் அந்தச் சுவரும் சேர்ந்து விழும். கான்டிராக்டருக்கு மறு வருஷமும் வேலை கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

வெட்டிவேர் இதைவிட மலிவு. மலையாளிகள் ராமச்சம் என்பது இதைத்தான். இதன் வேர் பக்கத்தில் படராமல் நேர் கீழே 3 மீட்டர் வரைகூட இறங்கும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், அரை அடிக்கு ஒரு தூராக மழை தொடங்கியதும் நட்டால், இரண்டு மூன்று மழைக்காலத்தில் வேலி போல நெருங்கிவிடும். ஓடிவரும் நீர் அங்கே வேகம் தணிந்து, மண்ணை மேலேயே விட்டுவிட்டு, மெல்லக் கசிந்து போகும். வாசனை வேருக்கு ஆசைப்பட்டு யாரும் பிடுங்காமல் இருக்க வேண்டும். பிடுங்கினால் மேடு முன்னைவிட இளகிவிடும்.

ஆங்கிலத்திலும் இதற்கு ‘வெட்டிவர்’ என்றே பெயர். கப்பலேறிப் போனது நம் தமிழ்ச் சொல்தான். பிஜித் தீவில் 1950-களில் கரும்பு நிலங்களில் மண்ணைக் காக்க இதை நட்டார்கள். 1980-களில் உலக வங்கி இதைப் பல நாடுகளுக்கும் சிபாரிசு செய்தது. தாய்லாந்து மன்னர் பூமிபால் 1990-களில் தம் நாடெங்கும் பரப்பினார். நாமோ கோடையில் பானைத் தண்ணீரில் போடுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

மண்ணுக்குரிய புல் என்ன செய்யும் என்பதற்கு வட்டவடையே பக்கத்து சாட்சி. அங்கே ஆனமுடிச் சோலை தேசியப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில், வெளிநாட்டு வாட்டில் மரங்கள் தீயில் எரிந்த இடத்தில், வனத்துறை உள்ளூர் மக்களைக் கொண்டே மலைப்புற்களை நட்டு வளர்த்தது. புல்வெளி மழையைப் பஞ்சு போலப் பிடித்து வைத்து ஓடைக்கு விடுகிறது. வட்டவடை விவசாயிக்கு அந்த ஓடைதான் முட்டைக்கோஸும் பூண்டும்.

பாலக்காட்டுப் பக்கம் கதை வேறு. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி வட்டாரத்தில் மழை குறைவு. ஆழ்குழாய்க் கிணறுகள் அதிகம். பெய்கிற நீர் வரப்பில் நின்று இறங்கினால்தான் கிணற்றுக்குச் சேரும். வரப்பைக் காத்து நின்ற பனைகளையும் செங்கல் சூளைக்கு வெட்டித் தள்ளினார்கள்.

“லயமும் கம்பெனியுடையது, மேடும் கம்பெனியுடையது, நாங்கள் எப்படி நடுவது?” என்று தொழிலாளி கேட்பார். நியாயமான கேள்வி. அதனால்தான் இது தனி ஆள் வேலையாகாது. போனஸ், கூலி பேசும்போது லயத்துக் கூரையைப் பற்றியும் பேசுகிற சங்கங்கள், பின்மேட்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். பஞ்சாயத்துகள் ஓடைக்கரைகளில் கயிற்றுப் பாய் விரித்துப் புல் நடும் வேலையைக் கேரளத்தில் ஏற்கெனவே செய்திருக்கின்றன. அதே வேலையை லயங்களின் பின்புறத்துக்கும் கேட்டு வார்டு மெம்பரிடம் மனு கொடுக்கலாம். ஆபீசில் வேலை பார்க்கும் நம் குமாஸ்தா நண்பர்கள் அந்த மனுவை மலையாளத்தில் எழுதித் தந்தால் பெரிய உபகாரம். கிராமசபை மழைக்கு முன் கூடும்போதே கொடுத்துவிட வேண்டும். ஜூலையில் கொடுத்தால் அடுத்த வருஷத்துக் கணக்கில்தான் போகும்.