காசில் நின்ற தமிழ்

காசு அடிக்கும் உரிமை நாடாள்வோனின் உரிமை. அக்காசின்மேல் எம்மொழி நிற்கின்றதோ, அம்மொழியே அரசுக்கட்டிலில் அமர்ந்த மொழி. ஆகவே காசுக்காட்சி என்பது ஓரினத்தின் ஆட்சி வரலாறு.

1980-களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருட்டிணமூர்த்தி வெளிக்கொணர்ந்த பாண்டியர் செப்புக்காசில் 'பெருவழுதி' என்னும் பெயர் தமிழி எழுத்தில் பொறிக்கப்பெற்றுள்ளது. கரூர் அமராவதி ஆற்றுப்படுகை தந்த சேரர் வெள்ளிக்காசில் 'மாக்கோதை' எனும் பெயர் நிற்கின்றது. உரோமக் காசுகளைப் போலத் தலையுருவம் பொறித்துக்கொண்ட சேரன், தன் பெயரைத் தமிழிலேயே பொறித்தான்.

பின்னை நிலை வேறு. ஈழத்திலும் வழங்கிய இராசராசன் காசில் அவன் பெயர் நாகரியில் உள்ளது. படை வென்றது, மொழி பின்தங்கியது. ஆங்கில வணிகக் குழுவோ நம் வழக்கிலிருந்த சொற்களைக் கொண்டே 80 காசு 1 பணம் எனச் சென்னையில் கணக்கிட்டது.

இன்றோ, இந்தியப் பணத்தாளின் பின்புறத்து 15 மொழிப் பட்டியலில் தமிழ் ஒரு சிறுவரி! நடுவணரசின் அலுவல்களுக்கு அனைத்துலக எண்வடிவமே உரியதென அரசமைப்பின் 343-ஆம் பிரிவு கூறியிருந்தும், 2016-இல் வந்த புதிய பணத்தாள்களில் நாகரி எண்ணும் ஏறியது. தமிழ்நாடு பெரிதும் வாளாவிருந்தது.

மொரீசியசுத் தமிழரைப் பாருங்கள். 1998-இல் அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ்வரி இந்திக்குக் கீழே தள்ளப்பட்டது. எண்ணிக்கையில் சிறியராயினும் அவர்கள் கொதித்தெழுந்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. 1999-இல் பழைய வரிசையிலேயே புதியன வந்தன.

1851-இல் தோன்றிய எழும்பூர் அருங்காட்சியகத்திலும், இனி எழும் எக்காசுக்காட்சியிலும் இவ்வரலாறு ஒரே வரிசையில் விளங்க வேண்டும். பெருவழுதியும் மாக்கோதையும் முதலில் நிற்க. எழுத்துகள் பெரிதாக்கிக் காட்டப்பெறுக. இராசராசனின் நாகரியையும் மறைக்காது வைக்க. இந்தியப் பணத்தாளின் அருகே இலங்கை, சிங்கப்பூர், மொரீசியசுத் தாள்கள் இடம்பெறுக. விளக்கம் அனைத்தும் முதற்கண் நல்ல தமிழில் அமைக!

பெருங்குடிக் கணினி அலுவலகங்களில் பணம் திரையில் ஓடும் வெறும் எண்ணாகிவிட்டது. நாளைய தமிழ்ப்பிள்ளை காசைக் கையால் தொடாமலே வளரக்கூடும். அவன் அதனைக் காணும் இடம் காட்சிப்பேழை ஒன்றே. ஆங்கேனும் தன் மொழி அரசாண்டதை அவன் படிக்கட்டும். இழந்தது இன்னதென அறிந்தவனே மீட்க எழுவான்!