வீடு வாங்குமுன் அடுப்பறைக்கு அப்பாலும் பாருங்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வீடு வாங்க விழைவோர் அறைகளை எண்ணுகின்றனர். நிலவறையில் வீட்டைச் சூடேற்றும் உலையையோ எட்டிப் பார்ப்பதில்லை. நகரங்களில் பெரும்பாலும் குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவே எரிகிறது. அக்குழாய் எட்டாத கிராமப்புறங்களில் எண்ணெய், புரொப்பேன், மின்சாரம், விறகு ஆகியவையே துணை.

இவற்றை லிட்டர் விலையால் மட்டும் ஒப்பிடுவது பேதைமை. ஒரு லிட்டர் எண்ணெயில் ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் உண்டு. புரொப்பேனில் 7 யூனிட்டே. ஆகவே லிட்டருக்கு 30 விழுக்காடு மலிவாயினும் புரொப்பேனால் ஆதாயமில்லை. வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே ஈர்க்கும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 அல்லது 3 யூனிட் வெப்பம் தரும். கடுங்குளிரில் அத்திறன் குறையும்.

எனவே கையொப்பமிடுமுன் சென்ற குளிர்காலத்தின் எரிபொருள் பில்களைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய்த் தொட்டியின் வயதையும் விசாரியுங்கள். அது கசிந்து மண்ணில் ஊறினால் குடும்பத்தின் சேமிப்பே கரைந்துவிடும். கடன் தவணையோடு குளிர்காலச் செலவையும் கூட்டிப் பாருங்கள். அத்தொகையே அவ்வீட்டின் உண்மை விலை. அதனைத் தாங்க இயலாத குடும்பத்தில், சொந்த வீட்டினுள்ளேயே பிள்ளைகள் நடுங்க நேரிடும்.