பச்சாத்தாபம்

ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம். 'ஹொகெ' என்றால் புகை. கல் நம் கல்தான். அங்கேதான் இன்னொரு சொல்லின் பொருளும் எனக்கு விளங்கியது.

சென்ற ஆண்டு நண்பர்களுடன் போயிருந்தபோது, ஒரு சோடா பாட்டிலைப் பாறையில் தவறவிட்டு உடைத்தேன். பொறுக்கச் சோம்பிச் சில்லுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினேன். சற்று நேரத்தில், பரிசலைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து வந்த பெரியவர் ஒருவரின் கால் அதில் கிழிந்தது. என் கைக்குட்டையால் கட்டுப்போட்டேன்; ஐம்பது ரூபாயும் கொடுத்தேன். "பாட்டில் யாருது தம்பி?" என்று கேட்டார். "தெரியலைங்க" என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, "பாவம், அவரைப் பார்த்தால் பச்சாதாபமாக இருந்தது" என்றேன். வீட்டில் கன்னடம் பேசும் நண்பன் ஒருவன் உடனே திரும்பினான். "அப்படியானால் உடைத்தது நீதானா? எங்கள் வீட்டில் அந்தச் சொல், தான் செய்த தப்புக்குத் தான் வருந்துவதற்குத்தான்."

அவன் சொன்னதே மூலப்பொருள். வடமொழியில் 'பச்சாத்' என்பது பின். 'தாபம்' என்பது வெப்பம். செய்தபின் உள்ளே எழும் சூடு. ஆங்கிலத்தின் 'ரிமோர்ஸ்' லத்தீனில் மறுபடி கடித்தல். அங்கே கடி, இங்கே சூடு, இரண்டும் செய்தவனுக்கே. நாமோ பேச்சில் ஒரு தகர ஒற்றை மட்டும் தொலைக்கவில்லை. சூட்டையே அடுத்தவர்மேல் காட்டும் இரக்கமாக ஆற்றிவிட்டோம்.

சரி, தனித்தமிழில் 'கழிவிரக்கம்' இருக்கிறதே என்பீர்கள். கழிந்ததை எண்ணி இரங்குதல், நல்ல சொல். ஆனால் இன்றைய பத்திரிகைகளில் அது பெரும்பாலும் தன்மேல் தானே பரிதாபப்படுவதாகிவிட்டது. ஒரு சொல் பிறர்மேல் இரக்கமாகவும், மற்றொன்று தன்மேல் இரக்கமாகவும் போனால், குற்றத்துக்கு எந்தச் சொல் மிச்சம்?

திருக்குறளின் 655ஆம் குறள், பின்னால் இரங்கத்தக்கதைச் செய்யாதே என்கிறது. தவறிச் செய்துவிட்டால்? பின்னிருந்து இரங்காமையே நன்று எனப் பரிமேலழகர் பொருள் கொள்கிறார். அத்தகையதை மறுபடி செய்யாமையே நன்று என்று கொள்வோரும் உண்டு. பரிமேலழகரோடு வாதாட எனக்குத் தகுதியில்லை என்றாலும், இந்த இடத்தில் மற்றவர்கள் பக்கமே நிற்கிறேன். இரங்காமல் இருப்பது எவ்வளவு எளிது என்பதை அந்தப் பாறையில் நான் பார்த்தவன்.

'குற்றவுணர்வு' என்ற சொல் நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. அது வகுப்பறைக்குச் சரி. பெரியவர் முன்னால் நின்று சொல்ல வருமா?

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். நான் இன்னும் போகவில்லை.